காகிதத்தைத் துளைக்கும் சன்னமும் மானை வீழ்த்தும் சன்னமும்

அமெரிக்க நாட்டின் மேற்கு மாநிலங்களாகிய மொன்டானா, வயோமிங் முதலியவற்றில் மாரிக்காலத்து இரவுகள் நீண்டவை. வெளியே பனி கொட்டும்போது, பல வீடுகளில் தந்தையும் மகனும் ஒரு சிறு மேசையின் முன் அமர்ந்து மும்முரமாக ஏதோ செய்துகொண்டிருப்பர். மேசைமேல் பொற்கொல்லன் தராசு போன்ற நுண்ணிய தராசு ஒன்றும், நெம்புகோல் பூட்டிய அழுத்து பொறி ஒன்றும் இருக்கும். அவர்கள் அடுத்த வேட்டைப் பருவத்துக்கு வேண்டிய தோட்டாக்களைத் தம் கையாலேயே நிரப்புகின்றனர். இலையுதிர் காலத்தில் ஓர் எல்க் மானை வீழ்த்தினால் குடும்பத்துக்குப் பல மாதங்களுக்கு இறைச்சி உண்டு. ஆதலால் இஃது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கன்று.

தோட்டா என்பது நான்கு உறுப்புகளால் ஆயது. பித்தளைக் கோது, அதன் அடியில் பொருந்தும் கேப்பு, உள்ளே நிறையும் மருந்து, வாயில் செருகிய சன்னம் என்பன அவை. சுட்டபின் எஞ்சும் கோது பழுதுபடுவதில்லை. அதனைத் துப்புரவாக்கி, பழைய அளவுக்கு நெருக்கி, புதுக் கேப்பும் மருந்தும் சன்னமும் இட்டால் மீண்டும் சுடலாம். சிக்கனம் கருதியே பலர் இத்தொழிலிற் புகுகின்றனர். புகுந்தபின் அவர்களை அதில் நிலைபெறச் செய்வது வேறொன்று. அது குறியின் ஒழுங்கு.

அவ்வொழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதை மாணவ நேயர்கள் ஒரு சிறு கணக்கால் அறியலாம். ‘.308 வின்செஸ்டர்’ என்னும் றைபிள் தோட்டா 1952ஆம் ஆண்டிலிருந்து வழக்கிலுள்ளது. அதில் 168 கிறெயின் நிறையுள்ள சன்னத்தைச் செருகிச் சுட்டால், அது செக்கனுக்கு ஏறக்குறைய 2650 அடி வேகத்தில் குழலை விட்டு நீங்கும். (7000 கிறெயின் ஓர் இறாத்தல்.) ஒரு தோட்டாவுக்கும் மறு தோட்டாவுக்கும் இடையில் மருந்தின் அளவோ கோதின் இறுக்கமோ சற்று வேறுபட்டு, வேகம் 30 அடி குறைந்ததென வைத்துக்கொள்வோம். 100 யார் தூரத்தில் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. 500 யாரில் சன்னம் இரண்டங்குலம் கீழே விழும். 1000 யாரிலோ ஓரடியளவு தாழ்ந்துவிடும். ஆகவேதான் கைத்தோட்டாக்காரர் மருந்தைக் கிறெயினின் பத்தில் ஒரு பங்குவரை நிறுக்கின்றனர்; கோதுகளை நிறை பார்த்துத் தரம் பிரிக்கின்றனர். மேலும், ஒவ்வொரு குழலுக்கும் ஒரு விருப்பு வெறுப்பு உண்டு. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்த இரு றைபிள்களில் ஒன்று விரும்பும் தோட்டாவை மற்றது வெறுப்பதுண்டு. எதை விரும்புகிறது என்பதைச் சுட்டுப் பார்த்தே அறிய வேண்டும். வாங்கிய பெட்டித் தோட்டாவில் அதற்கேற்ப எதையும் மாற்ற இயலாது.

மருந்து விஷயத்தில் துணிகரம் கூடாது. அச்சிட்ட கைந்நூல்களில் ஒவ்வொரு மருந்துக்கும் தொடக்க அளவும் உச்ச அளவும் கொடுக்கப்பட்டிருக்கும். தொடக்கத்திலிருந்து சிறிது சிறிதாக ஏறுவதே முறை. குளிர்காலத்தில் உச்ச அளவிற் பரீட்சித்த தோட்டா, கோடை வெயிலிற் சூடேறி, அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்தைத் தருவதும் உண்டு. கண்ணையும் கையையும் இழந்தவர்கள் இருக்கின்றனர்.

இனிச் சன்னத்துக்கு வருவோம். பறக்கும் குண்டைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித வல்லுநர். மரக்கட்டை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதிற் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தார். 1742இல் அவர் வெளியிட்ட நூல் அக்காலப் பீரங்கி வல்லுநரைத் திகைக்க வைத்தது. காற்றின் தடை, அவர்கள் எண்ணியிருந்ததிலும் பன்மடங்கு பெரிதாக இருந்தது! எனினும் உருண்டைக் குண்டும் மொட்டை மூக்குக் குண்டும் நெடுங்காலம் நீடித்தன. கூரிய மூக்குச் சன்னத்தைப் பிரெஞ்சுப் படை 1898இலும், ஜேர்மன் படை 1905இலும் ஏற்றன. இன்றைய நெடுந்தூரச் சன்னம் ஊசிபோன்ற மூக்கும், படகின் பின்புறம்போலக் குறுகிய வாலும், மெலிந்து நீண்ட உடலும் கொண்டது. நீண்ட சன்னம் தலைகுப்புறாமற் செல்ல, பம்பரம்போல் விரைந்து சுழல வேண்டும். குழலின் உட்புறத்துத் திருகு பள்ளங்கள் அச்சுழற்சியைத் தருகின்றன. சன்னம் எவ்வளவு நீளமானதோ அவ்வளவு நெருக்கமான திருகு வேண்டும் என்பதற்கு 1879இலேயே கிறீன்ஹில் என்னும் கணிதப் பேராசிரியர் சூத்திரம் அமைத்துத் தந்தார். கடையில் அழகாகத் தோன்றும் நீண்ட சன்னத்தை, திருகு நெகிழ்ந்த பழைய றைபிளில் இட்டுவிட்டு, “குறி சிதறுகிறதே!” என்று புலம்புவோர் இச்சூத்திரத்தைக் கேளாதவர்கள்.

நம் நாட்டு வேட்டைக் கதைகளைப் படித்தோருக்கு இவையெல்லாம் விசித்திரமாகத் தோன்றலாம். இலங்கை வேட்டையைப் பற்றி 1854இல் நூல் வெளியிட்ட சாமுவேல் பேக்கர், பிறிஸ்டல் நகரில் 1840இல் செய்வித்த றைபிள் 21 இறாத்தல் நிறை கொண்டது. அதன் உருண்டைக் குண்டு மூன்று அவுன்சு. ஒரு வெடிக்கு ஓர் அவுன்சு கரிமருந்து! மேலே சொன்ன 168 கிறெயின் சன்னத்தைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு நிறை அது. யானையைச் சில அடி தூரத்தில் நின்று சுட்ட அக்காலத்தில் காற்றுத் தடையைப் பற்றி எவர் கவலைப்பட்டார்?

நிற்க. நெடுந்தூரம் ஒழுங்காகப் பறக்கும் சன்னமே வேட்டைக்கும் சிறந்ததென்று முடிவு கட்டிவிடலாமா? இங்கேதான் புதியவர் பலர் இடறுகின்றனர். போட்டிக்காரர் போற்றும் ‘மட்ச்கிங்’ என்னும் சன்னத்தைச் சியெறா நிறுவனம் செய்கிறது. அதன் மூக்கு நுனியில் ஒரு சிறு துளை உண்டு. துளையைக் கண்டவர், “ஆகா, இது மிருகத்தின் உடலிற் பட்டதும் விரியும்” என்று எண்ணிவிடுகின்றனர். உறையை அடியிலிருந்து மூக்கு நோக்கி இழுத்து வார்க்கும் முறையால் நேர்ந்த துளை அது, விரிவதற்காக இட்டதன்று. செய்தவர்களே அதனை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை. காகிதத்தில் அழகிய துளையிடும் அச்சன்னம், மானின் உடலிலும் சிலவேளை அதே சிறு துளையை மட்டும் இட்டு மறுபுறம் போய்விடும். மான் ஓடிவிடும். இரண்டு மைலுக்கு அப்பால் ஏதோ ஒரு புதரில் அது எத்தனை மணி நேரம் கிடந்து மாயும் என்பதைச் சுட்டவன் அறியான்.

மறுபுறம், அளவுக்கு மிஞ்சி விரிவதும் கேடே. 1946ஆம் ஆண்டில் ஜோன் நொஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் மான் வேட்டைக்குச் சென்றார். சேறு உலர்ந்து படிந்த தடித்த தோலை உடைய பெரிய மிருகம். அவருடைய வேகமிக்க சன்னங்கள் தோலிற் பட்டதும் உடைந்து சிதறின, உள்ளே செல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய நொஸ்லர் வாளாவிருக்கவில்லை. செப்புறையின் நடுவே ஒரு குறுக்குச் சுவரை அமைத்து, முன்னறையில் ஈயம், பின்னறையில் ஈயம் என இரண்டாகப் பிரித்தார். முன்பாதி காளான்போல் விரியும். பின்பாதி குலையாமல் உள்ளே ஊடுருவும். 1948இல் ‘பாட்டிஷன்’ என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. முக்கால் நூற்றாண்டு கடந்தும் அது விலைபோகிறது. காகிதப் போட்டியில் அதற்குப் பரிசு கிடைப்பது அருமை. எம்மைக் கேட்டால், எல்க் மானை நாடிச் செல்பவனுக்கு அரை அங்குல ஒழுங்கை விட அந்தக் குறுக்குச் சுவரே மேலானது.

விரியும் சன்னத்தைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்னும் ஊரிலிருந்த ஆயுதசாலையின் பெயராலேயே உலகம் அறிந்த இவ்வகைச் சன்னத்தை, போரிற் பயன்படுத்தலாகாதென்று 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் விலக்கியது. மனிதனுக்கு இழைக்கலாகாத கொடுமை என்றனர். மானை விரியாத சன்னத்தாற் சுடுவதே கொடுமை என்று கொண்டு, விரியும் சன்னத்தைக் கட்டாயமாக்கிய சட்டங்கள் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் பிரித்தானியாவிலும் இருக்கின்றன. இரண்டிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

விரிவதற்கு வேகம் வேண்டும். பொதுவாக வேட்டைச் சன்னங்கள் செக்கனுக்கு 1800 அடிக்குக் குறைந்த வேகத்தில் நன்கு விரிவதில்லை. நாம் எடுத்துக்கொண்ட .308 சன்னம் 500 யாரை அடையும்போது வேகம் 1750 அடியளவாகத் தேய்ந்திருக்கும். தாக்கும் சக்தியோ குழல்வாயில் இருந்ததில் பாதிக்கும் குறைவு. அத்தூரத்தைக் கடக்க அதற்குச் செக்கனின் பத்தில் ஏழு பங்கு பிடிக்கிறது. மணிக்கு மூன்று மைல் வேகத்தில் நடக்கும் மான் அந்நேரத்தில் மூன்றடி நகர்ந்துவிடும். நூறு யாருக்குச் சீர்செய்த குறி 500 யாரில் ஐந்தடி கீழே விழும். இதையாவது தூரமானியும் அட்டவணையும் கொண்டு திருத்தலாம். காற்றை என் செய்வது? குறுக்கே மணிக்கு 10 மைல் வேகத்தில் வீசும் காற்று, சன்னத்தை இரண்டடிக்குச் சற்றுக் குறைய ஒதுக்கிவிடும். ஐந்து மைற் காற்றைப் பத்து மைலென்று தவறாக மதித்தால் பதினோரங்குலப் பிழை. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி எட்டு முதற் பத்தங்குல விட்டமே உடையது. நெஞ்சுக்குப் போக வேண்டிய சன்னம் வயிற்றுக்குப் போகும். தராசில் நிறுத்த மருந்தும் தரம் பிரித்த கோதும் அப்பொழுது ஒன்றும் உதவா.

தியோடர் றூஸ்வெல்ற் 1887இல் நிறுவிய பூன்-குறொக்கற் கழகம் இவ்விஷயத்தில் ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டிருக்கிறது. அது எத்தனை யார் என்று எல்லை வகுக்கவில்லை; சுடுபவனின் நோக்கத்தையே வினாவுகிறது. உயிருள்ள மிருகத்தின்மேல் தன் கருவியைப் பரீட்சிப்பதே நோக்கமாயின் அது வேட்டையாகாது என்பது அதன் கருத்து. கருவி வியாபாரிகளின் விளம்பரங்களோ ஆண்டுக்காண்டு தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகின்றன. யாம் கழகத்தின் பக்கமே நிற்கிறோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அது சுட்டபின் எழுவது. ஈயச் சன்னம் உடலினுள் உடையும்போது நுண்துகள்கள் காயத்துக்கு அப்பாலும் பரவுவதை எக்ஸ்-கதிர்ப் படங்கள் காட்டியுள்ளன. 2008இல் வடடக்கோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கென வேடர்கள் கொடையளித்த மான் இறைச்சியிலும் ஈயத்துகள்கள் காணப்பட்டன. சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஈயம் நஞ்சு. வேடர்கள் காட்டில் விட்டுச் செல்லும் குடல்களைத் தின்னும் கலிபோர்ணியாக் கொண்டோர் என்னும் பெருங்கழுகினம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. 1987இல் காட்டில் எஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூட்டிலடைத்தபோது, உலகிலேயே இருந்தவை 27. காப்பகங்களில் பெருக்கி மீண்டும் காட்டில் விடப்பட்டவற்றையும் மிகுதியாகக் கொல்வது ஈய நஞ்சே. கலிபோர்ணியா 2013இல் சட்டமியற்றி, 2019 ஜூலை முதலாந் திகதி தொடக்கம் வேட்டையில் ஈயச் சன்னத்தை முற்றாக விலக்கியது.

ஈயத்துக்குப் பதில் முழுச் செம்புச் சன்னம் வந்துள்ளது. அது சிதறாது; இதழ்விரிந்து, நிறை குன்றாமல் ஊடுருவும். ஆனால் செம்பு ஈயத்திலும் இலேசானது. ஆதலால் ஒரே நிறைக்கு அது நீண்டிருக்கும். திருகு நெருங்கிய குழலை வேண்டும். விரிவதற்கும் கூடுதல் வேகம் தேவை. பல கைத்தோட்டாக்காரர் அதற்கு 2000 அடியை எல்லையாகக் கொள்கின்றனர். .308 றைபிளில் அந்த வேகம் 300 யாருக்குச் சற்று அப்பாலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்குமேல் மானை விரும்புபவன் எழுந்து, காற்றுக்கு எதிர்முகமாக, இன்னும் கொஞ்சம் தவழ்ந்து போக வேண்டியதுதான்.