செயின்ட் கில்டாவா, எக் தீவா?



கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவி ஒருத்தி, "டீச்சர், ஊரே இல்லாத தீவு ஒன்றைப் பார்க்கணும். செயின்ட் கில்டா போகட்டுமா?" என்று கேட்டிருந்தாள். பதில் நீண்டுவிட்டது, எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

அழகான இடம்தான், மறுக்கவில்லை. வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் மேற்கே, அட்லாண்டிக்கில் தனியாக நிற்கிறது. 400 மீட்டருக்கும் உயரமான கடலோரப் பாறைகள், லட்சக்கணக்கில் கடற்பறவைகள். யுனெஸ்கோ 1986இல் அதன் இயற்கைக்கும் 2005இல் பண்பாட்டுக்கும் உலக மரபுச் சிறப்பு கொடுத்தது. அந்தப் பண்பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் எங்கே? மிச்சமிருந்த 36 பேரும், அரசுக்குத் தாங்களே மனு எழுதி, 1930 ஆகஸ்ட் 29 அன்று கப்பலேறிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்தே வாழ்ந்த ஜனங்கள். கோடையில் நீராவிக் கப்பலில் வந்த சுற்றுலாக்காரர்கள் அவர்களை வேடிக்கை பார்த்தார்கள், கம்பளித் துணி வாங்கினார்கள், படம் பிடித்தார்கள், அன்றே திரும்பிவிட்டார்கள். குளிர்காலப் பசிக்கும் நோய்க்கும் அது எந்த விதத்தில் உதவியது?

அதனால் முதலில் எக் தீவுக்குப் போம்மா. (முட்டைக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை!) அந்தத் தீவும் நம்மூர் ஜமீன் மாதிரி ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது. அறுபது சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். 1997இல் அவர்கள் ஊர் உலகமெல்லாம் நன்கொடை திரட்டி, சுமார் 15 லட்சம் பவுண்டுக்குத் தீவையே வாங்கினார்கள். 2008 முதல் நீர், காற்று, வெயில் மூன்றிலிருந்தும் சொந்த மின்சாரம். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. நான் மிகவும் ரசித்தது அதைத்தான். இப்போது நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

இயற்கைக்கும் அங்கே குறைவில்லை. அன் ஸ்கூர் என்ற எரிமலைப் பாறையில் ஏறலாம். காய்ந்திருந்தால் காலடியில் கீச்சிடும் மணல் இருக்கிறது. தங்கக் கழுகும் உண்டு.

மாலேக் துறைமுகத்திலிருந்து கப்பல். உன் காரை ஏற்ற மாட்டார்கள், நடக்கத் தயாராகப் போ. காலையில் போய் மாலையில் திரும்பாதே, இரண்டு இரவாவது தங்கு. தின்பண்டமெல்லாம் கிளாஸ்கோவிலிருந்தே மூட்டை கட்டாமல் அங்குள்ள கடையில் வாங்கு. யாரையும் கேட்காமல் படம் எடுக்காதே.