பாரம் முதலாளிக்கு, தண்டனை டிரைவருக்கா?

ஓசூர் ஜூஜூவாடி எல்லை வழியே கல்லும் சரக்கும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அளவுக்கு மேல் ஏற்றச் சொல்பவர் முதலாளி. பிடிபட்டால் லைசென்ஸை இழப்பவர் டிரைவர். இக்குற்றத்துக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை நிறுத்தும்படி சுப்ரீம் கோர்ட்டின் சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015ல் மாநிலங்களைப் பணித்தது. அதிக பாரம் நமது உயிரையும் குடிக்கிறது. அதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் 3 மாதம் அடுப்பெரிவது எப்படி?

வயிற்றுக்காக மீண்டும் வண்டியெடுத்தால், 2019ம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நேர்ந்தாலோ, லைசென்ஸ் இல்லையென்று இன்ஷூரன்ஸ் கம்பெனி வழக்காடும். அடிபட்டவருக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டையும் வண்டிச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கேட்கும். உடனே அவர், "எனக்குத் தெரியாது" என்று டிரைவரைக் கைகாட்டுவார்.

1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113வது பிரிவு சொல்வதென்ன? சொந்தக்காரர் அறிந்தே, அல்லது அவர் உத்தரவின்படியே அதிக பாரம் ஏற்றப்பட்டதாகக் கோர்ட்டு கருதலாம் என்கிறது. சர்க்கார் இப்பிரிவைக் கையிலெடுக்க வேண்டும். முதலாளி ஏற்றிய பாரத்துக்காக லைசென்ஸ் இழந்தவருக்கு அம்மாதங்களின் கூலியை முதலாளியே தர வேண்டும்.

டிரைவர் தோழர்களே! உங்கள் வாதத்தைக் கேட்காமல் லைசென்ஸை நிறுத்தக் கூடாது. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். தனியே நிற்காதீர், சங்கத்துக்கு வாருங்கள்!