விண்வெளிப் பேரரசில் ஒற்றாடல்

கணிப்பொறி விளையாட்டு என்றவுடன் பெரியோர் முகம் சுளிப்பதும் இளையோர் முகம் மலர்வதும் நாள்தோறும் நாம் காணும் காட்சிகள். இரு சாராருக்கும் நடுவே நிற்கும் ஆசிரியர்களாகிய நாம் எப்பக்கம் சாய்வது என்று தயங்கியதுண்டு. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தை வகுப்பில் நடத்தி முடித்த ஒரு வாரத்தில், விடுதி மாணவர் சிலர் நம்மை அழைத்து அமர வைத்து, 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்னும் விண்வெளிப் பேரரசு விளையாட்டை ஆடிக் காட்டினர். "ஐயா, இங்கும் ஒற்றர் உண்டு" என்றார் அவருள் ஒருவர். அன்று தொட்டு நாமும் அதனை ஆடிப் பார்த்தோம்; பலமுறை தோற்றோம். அத்தோல்விகள் கற்பித்தவற்றை மாணவர்க்கும் பெரியோர்க்கும் பொதுவாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விளையாட்டு 1993ஆம் ஆண்டு சிம்டெக்ஸ் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டு மைக்ரோபுரோஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தும் அதனை விரும்பி ஆடுவோர் இருக்கின்றனர். அதில் 10 இனங்கள் உண்டு. ஆடுபவர் ஓர் இனத்தைத் தேர்ந்துகொள்ள, எதிரே ஐந்து இனங்கள் வரை கணிப்பொறியே ஆளும். கோள்களில் குடியேறுவதும், தொழிற்சாலை எழுப்புவதும், கப்பல் கட்டுவதும், ஆராய்ச்சி வளர்ப்பதும் அரசின் கடமைகள். பகைவரை முற்றும் அழித்து வெல்லலாம். அல்லது இனங்கள் அனைத்தும் கூடும் பேரவையில் மூன்றில் இரு பங்கு வாக்குகள் பெற்றும் வெல்லலாம். பின்னைய வழிக்கு அண்டை நாட்டாரின் நல்லெண்ணம் இன்றியமையாதது. இந்நல்லெண்ணத்தைக் கெடுப்பதிலும் காப்பதிலும் ஒற்றருக்குப் பெரும்பங்கு உண்டு.

ஒற்றர் பணி அதில் அமைக்கப்பட்டுள்ள முறை எளியது. ஒவ்வோர் இனத்தின்மீதும் ஒற்று வைக்க நம் வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கலாம். அயலார் ஒற்றரைப் பிடிக்கும் உள்நாட்டுக் காவலுக்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம். அனுப்பிய ஒற்றருக்கு இடும் கட்டளைகள் மூன்று: மறைந்திருத்தல், தொழில்நுட்பத்தைக் கவர்தல், நாசவேலை செய்தல். கணிப்பொறித் துறையில் முன்னேறிய இனத்தின் ஒற்றர் வெல்வர்; பின்தங்கியோர் அகப்படுவர். டார்லாக் என்னும் உருமாறும் இனத்தாருக்கு ஒற்று இயற்கையாகவே கைவந்த கலை.

புதிதாக ஆடுவோர் செய்யும் பிழையையே நாமும் செய்தோம். தூதிலும் வணிகத்திலும் சிறந்த மானிட இனத்தைத் தேர்ந்துகொண்டோம். ஆராய்ச்சியில் சிறந்த சைலான் இனத்தாரோடு நட்புடன்படிக்கையும் செய்துகொண்டோம். பின்னர், உழைத்துப் பெறுவதினும் கவர்ந்து பெறுவது எளிதென எண்ணி, அந்நண்பர் மீதே ஒற்றரை ஏவினோம். ஒற்றர் அகப்பட்டனர். எச்சரிக்கை வந்தது, அதனையும் பொருட்படுத்தவில்லை. உடன்படிக்கை முறிந்தது. பேரவை கூடிய நாளில் நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாக்குகள் வேறிடம் சென்றன. ஒரு தொழில்நுட்பத்தின் பொருட்டு ஓர் ஆட்சியையே இழந்தோம்.

அதன்பின் நாம் கண்ட நெறிகள் சில உள. முதலாவது, பிறர் வீட்டை நோக்குமுன் தன் வீட்டைக் காத்தல். உள்நாட்டுக் காவலுக்கு ஒதுக்கும் சிறு பொருள், பல்லாண்டு ஆராய்ச்சியின் பயன் ஒரே இரவில் பறிபோகாமல் காக்கும். இரண்டாவது, பெரும்பாலான ஒற்றரை மறைந்திருக்கும் கட்டளையிலேயே வைத்தல். ஒற்றில்லாத நாட்டைப் பற்றிய அறிக்கை ஆண்டுக்கணக்கில் பழையதாகி விடுகிறது. பழைய அறிக்கையை நம்பிப் படை செலுத்துவோர், அங்குப் புதிதாக எழுந்திருக்கும் காப்பரண்களில் மோதி அழிகின்றனர். மூன்றாவது, கவரத் துணிந்தால் எல்லா இனத்தார் மீதும் பொருளைச் சிதறடிக்காமல், கணிப்பொறித் துறையில் நம்மினும் பின்தங்கிய, முன்னரே பகைமை பூண்ட ஒருவரை மட்டும் நாடுதல். நான்காவது, நாசவேலையைப் போர்க்காலத்துக்கென ஒதுக்கி வைத்தல். நம் கப்பற்படை சேருமுன் பகைவரின் ஏவுகணைத் தளங்களை ஒற்றர் அழித்துவிட்டால் நம் வீரர் பலர் உயிர் பிழைப்பர். அமைதிக் காலத்தில் அதே செயல், வேண்டாத போரை வீட்டு வாயிலுக்கு அழைத்து வரும்.

இவற்றை எண்ணும்போது ஒற்றாடல் அதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பே. திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய அதன் பத்துக் குறள்களிலும் களவைப் பற்றியோ நாசத்தைப் பற்றியோ பேச்சில்லை. அறிதலும், அறிந்ததைத் தெளிதலும், ஒருவர் சொல்லை மற்றொருவர் சொல்லால் சரிபார்த்தலுமே அங்குப் பேசப்படுகின்றன. பகைவரை மட்டுமின்றித் தன் பணியாளரையும் சுற்றத்தாரையும் அறிந்திருக்க வேண்டும் என்பதும் அங்குண்டு. ஒற்று என்பது அரசின் கண். கண்ணுக்குரிய தொழில் காண்பது. கண்ணைக் கொண்டு கன்னம் வைக்க முற்படுவோர் பார்வையையும் இழப்பர்.

பின்வந்த விளையாட்டுகளும் இவ்வுண்மையை வேறு வகையில் வலியுறுத்துகின்றன. 1996இல் வெளிவந்த இதன் இரண்டாம் பாகத்தில், கப்பலும் கட்டடமும் உருவாக்கும் அதே உழைப்பைக் கொண்டே ஒற்றரையும் உருவாக்க வேண்டும். ஓர் ஒற்றர் உருவாகும் காலத்தில் ஓர் ஆய்வுக்கூடம் காத்துக் கிடக்கும். அதில் மக்களாட்சியைத் தேர்ந்தால் ஆராய்ச்சியும் வருவாயும் பெருகும். ஒற்றரைத் தடுக்கும் வலிமையோ குறையும். 2016இல் வந்த 'ஸ்டெல்லாரிஸ்' விளையாட்டில் 2021ஆம் ஆண்டு விரிவான ஒற்றாடல் சேர்க்கப்பட்டது. நட்பை வளர்க்க அனுப்பத்தக்க தூதரையே அங்கு ஒற்று வலை பின்னவும் அனுப்ப வேண்டும். தூதர் சிலரே, அவரை எதற்குப் பயன்படுத்துவது என்பது ஆள்வோர் முன் நிற்கும் வினா.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். முதலிற் கூறிய விளையாட்டில் ஒற்றர் எவர் கண்ணிலும் படாமல் வென்றுவிட்டால், அக்களவின் பழியை வேறோர் இனத்தின்மீது சுமத்தும் வாய்ப்பும் தரப்படுகிறது. அன்று மாலை அவ்வினா திரையில் தோன்றியபோது மாணவர் நம்மை நோக்கி, "ஐயா, பழியை யார்மேல் போடலாம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நாம் விடை கூறுமுன் ஏதோ ஒரு பெயரை அழுத்தியும் விட்டார். ஏதுமறியாத அவ்வினத்தின் மீது களவு கொடுத்தவர் சினம் கொண்டனர், நமக்கோ ஆதாயம்.

இது பயன் தரும் உத்தி என்பதை நாம் மறுக்கவில்லை. அண்டையர் இருவர் தம்முள் மோத, நடுவில் நிற்பவர் வளர்வது ஆட்டத்தில் நிகழக் காண்கிறோம். "வெறும் விளையாட்டுத்தானே?" என்று மாணவர் கேட்பதிலும் பொருளுண்டு, திரையிலுள்ள இனங்களுக்கு உயிரில்லை, வலியுமில்லை. ஆயினும் செய்தவர் ஒருவர், பழி சுமப்பவர் வேறொருவர் என்னும் நிலை எத்தகையது என்பதை நம் பெரியோரைக் கேட்டால் சொல்வர். அவ்வினாவைச் சிரித்துக்கொண்டே கேட்கப் பழகிய நாவு, அங்காடியிலும் அலுவலகத்திலும் அதே வினாவைக் கேட்க நாணுமோ என்பதே நம் கவலை. ஒற்றினால் வெல்லுங்கள், பழி சுமத்தாமலும் வெல்ல முடியும் என்பதை ஆடிக் காட்டுங்கள். அது கடினமான ஆட்டம். ஆகவே திறமைக்கு உரைகல்லும் அதுவே.

பெரியோர்க்கும் நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. பிள்ளைகள் என்ன ஆடுகிறார்கள் என்பதைக் கதவுக்கு வெளியே நின்று ஒற்றறிய வேண்டா. உள்ளே சென்று அருகில் அமருங்கள். ஒருமுறை தோற்றும் பாருங்கள். நம் மாணவருடன் மீண்டும் ஒருநாள் அமர்ந்தோம். அதே வினா திரையில் எழுந்தது. இம்முறை அவர் சிரிக்கவில்லை. கையைப் பின்னிழுத்துக்கொண்டு சிறிது நேரம் எண்ணினார். வகுப்பறையில் அந்த அதிகாரத்தை நடத்தியதன் பயனை அன்றுதான் கண்டோம்.