காசோலை யார் வீட்டுக்குப் போச்சு?



"மந்தம் வந்தால் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கணும். தலையிட்டால் தனியார் தொழில் செத்துப்போகும்." பொருளாதார வகுப்பில் இதைக் கேட்டுக் குறிப்பெடுத்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவன் நான். பிறகுதான் 1930களின் அமெரிக்காவைப் படித்தேன். யாருடைய தொழில் என்று அந்த வகுப்பில் யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. 1933இல் நாலில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. ஆயிரக்கணக்கான வங்கிகள் திவால். அரசு சும்மா இருந்ததா? ஹூவர் ஆட்சியிலேயே, 1932இல், ஒரு நிதிக் கழகம் அமைத்து வங்கிகளுக்கும் ரயில் கம்பெனிகளுக்கும் பொதுப் பணத்தைக் கடன் கொடுத்தது. 1933இல் ரூஸ்வெல்ட் வந்தார். வங்கிகளைச் சோதித்துத் திறந்தார். அதே கழகம் வங்கிப் பங்குகளை வாங்கி முதல் போட்டது. டெபாசிட்டுக்கு அரசு காப்பீடு வந்தது. தனியார் வங்கி செத்ததா? பிழைத்தது.

அதே 1933இல் தேசியத் தொழில் மீட்புச் சட்டம். அந்தந்தத் தொழில்காரர்களே கூடி விலை, கூலி, வேலை நேரத்துக்கு விதி எழுதலாம் என்றார்கள். எழுதும் மேசையில் பெரிய கம்பெனிகளின் கை ஓங்கியது. நியூஜெர்சியில் ஜேக்கப் மேஜட் என்ற சின்னக் கடைக்காரர் ஒரு சூட்டுக்கு இஸ்திரி போட 35 சென்ட் வாங்கினார். விதிப்படி 40 சென்ட். 1934இல் ஜெயிலில் போட்டார்கள். 1935இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. ஆக, தனியார் என்று ஒரே ஆள் கிடையாது. கம்பெனி முதலாளியும் தனியார், இஸ்திரிக் கடைக்காரரும் தனியார்.

இனி பருத்திக் கதை. இது நமக்குத் தெரிந்த கதை, ஊர்ப் பெயர்தான் வேறு. தெற்கு மாநிலங்களில் நிலம் வெள்ளை ஆண்டைகளிடம். வாரத்துக்குப் பயிரிட்டவர்கள் கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும். விலையை ஏற்ற விளைச்சலைக் குறைக்கணும் என்று அரசு முடிவெடுத்தது. 1933 கோடையில் சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள். அழித்ததற்கு அரசு பணம் கொடுத்தது. ஒப்பந்தம் நிலக்காரரோடு. வாரதாரர் பங்கை அவரே பிரித்துக் கொடுப்பாராம்! கொடுத்தாரா? "உன் பழைய கடனுக்குக் கழிச்சாச்சு" என்றார். பயிர்ப் பரப்பு குறைந்தபின் இத்தனை ஆள் எதுக்கு? குடிசையைக் காலி பண்ணு. பருத்தி விலை ஏறியது. ஆண்டை வீட்டுக்கு டிராக்டர் வந்தது. உழைத்த குடும்பம் ரோட்டுக்கு வந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1934 ஜூலையில் ஆர்கன்சாவின் டைரோன்சாவில் 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் ஒன்றாக உட்கார்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் தொடங்கினார்கள். அடித்தார்கள், சுட்டார்கள், சங்கம் நின்றது. வேளாண் நிர்வாகத்துக்குள் வாரதாரர் பக்கம் பேசிய சட்ட அதிகாரிகளை 1935 பிப்ரவரியில் வேலையை விட்டு நீக்கினார்கள். அதே ஆண்டு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வயல் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தியது. கறுப்பினத் தொழிலாளரில் பாதிக்கும் மேற்பட்டோர் செய்தது அந்த வேலைகள்தான்.

"அப்போ அரசு தலையிடவே கூடாதுங்கிறியா?" என்று கேட்பீர்கள். இல்லை. 1935இல் தொடங்கிய பொது வேலைத் திட்டம் உழைப்பவர் கையில் நேராகக் கூலி கொடுத்தது. 1943 வரை சுமார் 85 லட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள். அங்கேயும் பாகுபாடு இருந்தது. ஆனாலும் தெற்கத்தி ஆண்டைகள் அலறினார்கள், வயலுக்குக் குறைந்த கூலியில் ஆள் கிடைக்கலை என்று. பருத்தி எடுக்கும் பருவத்தில் நிவாரண வேலையை நிறுத்தி ஆட்களை வயலுக்கு விரட்ட வைத்தார்கள்.

கவனியுங்கள் தோழர்களே. காசோலை வந்தபோது ஆண்டைக்கு அரசுத் தலையீடு இனித்தது. கூலிக்காரன் கைக்குக் காசு போனபோதுதான் "தனியார் தொழில் செத்துப்போச்சு" என்ற ஒப்பாரி. அரசு தலையிடலாமா கூடாதா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் நடத்தட்டும். நிவாரணம் என்று எங்கே அறிவித்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காசோலையில் யார் பேர் எழுதியிருக்கு?