பார்த்தது போதும், பென்சிலை எடுங்கோ

தம்பி, தங்கச்சி, கோவிக்காமல் கேளுங்கோ. இளையராஜாவின்ர பாட்டுகளைப் பிரிச்சுப் பிரிச்சு விளக்கிற வீடியோ இருநூறு பார்த்த ஆள் இசையமைப்புப் படிச்ச ஆள் இல்லை. இருநூறு வீடியோ பார்த்த ஆள், அவ்வளவுதான்.

அந்த ஆள் நான்தான். மொன்றியலில் ஒரு விண்டர் முழுக்க, மெட்ரோவிலும், பிறகு இரவு ஒரு மணி மட்டும் கட்டிலிலும் அதையே பார்த்தன். இது ரீதிகௌளை, இது கவுண்டர்பாயிண்ட், இந்த இடத்தில ஸ்கேல் மாறுது. எல்லாம் வாய்ப்பாடம். பிறகு மச்சாள் தன்ர குறும்படத்துக்கு நாற்பது செக்கன் இசை கேட்டாள். கீபோர்டுக்கு முன்னால மூன்று நாள் குந்தியிருந்தன். ஒன்றும் வரேல்லை. கடைசியில இணையத்தில சும்மா கிடந்த ஏதோ ஒரு துண்டைப் போட்டாள்.

என்ர வேலையில இப்படியான ஆக்களை நானே நேர்முகம் கண்டிருக்கிறன். வாய் நிறைய விளக்கம். ஒரு சின்ன பங்ஷன் எழுதச் சொன்னால் விரல் நகராது. அவையளைப் பார்த்துச் சிரிச்சவனும் நான்தான்.

இன்னொரு வருத்தமும் எங்களுக்கு இருக்கு. ஒரு வெள்ளைக்காரர் ஹெட்போனைக் கொழுவிக்கொண்டு 'தளபதி' பாட்டுக்கு வாயைப் பிளந்தால் எங்களுக்குப் புல்லரிக்குது. உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகுது. அது படிப்பே? ராஜாவுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. தேவை எங்களுக்குத்தான். பள்ளிக்கூடத்தில சாப்பாட்டுப் பெட்டியை அரைவாசி மூடிவைச்சுச் சாப்பிட்ட பிள்ளையளுக்கு. (பெரிய ஆக்களும் குறைவில்லை. அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிக்கிற அதே சனம், பிள்ளை சொந்தமா ஒரு மெட்டுப் போட்டால் "படிப்பைப் பார்" எண்டுதான் சொல்லும்.)

ராஜா சென்னையில தன்ராஜ் மாஸ்டரிட்டப் போய் மேற்கத்திய இசை படிச்சவர். லண்டன் டிரினிட்டி கல்லூரியின்ர கிற்றார் பரீட்சையைத் தபால்வழி படிச்சுத் தங்கப் பதக்கம் எடுத்தவர். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில பாக்கோட நேரடியாவே கதைக்கிறார். அந்த பாக் எப்படிப் படிச்சவர்? வைமாரில் இருந்த காலத்தில விவால்டியின்ர கொன்செர்ட்டோக்களை ஓர்கனுக்கும் ஹார்ப்சிகோர்டுக்கும் தன்ர கையால மாற்றி எழுதி. ரெண்டு பேருக்கும் கை உழைச்சது.

வீடியோவே வேண்டாம் எண்டு சொல்லேல்லை. காதில விழுந்ததுக்கு ஒரு பெயர் தந்தது அதுதான். ஆனால் வேகத்தைப் பாதியாக்கிற பட்டனும் அங்கதான் இருக்கு, அதை ஒருத்தரும் அமத்திறேல்லை.

'ஆட்டோ ராஜா'வில வந்த 'சங்கத்தில் பாடாத கவிதை'யை எடுங்கோ. அதே மெட்டு, அதே 1982இல, மலையாள 'ஓளங்கள்' படத்தில 'தும்பி வா'. மெட்டு ஒன்று, உடுப்பு ரெண்டு. வேறொன்றும் வேண்டாம், ரெண்டிலும் பேஸ் மட்டும் கேட்டு நாலு பார் எழுதுங்கோ. எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. முதல் வாரம் எழுதினது முழுக்கப் பிழை. ஆனால் பேஸ் பாட்டுக்குக் கீழ படுத்துக்கிடக்கேல்லை, தன்பாட்டுக்கு இன்னொரு மெட்டுப் பாடுது எண்டதை ஒரு வீடியோவும் எனக்கு அப்படிப் புரியவைக்கேல்லை. காசும் தேவையில்லை. பெரி-யூகாம் மெட்ரோவோட ஒட்டின பெரிய நூலகத்தில பாக்கின்ர நோட்டுகள் இரவலுக்குக் கிடக்கு.

மச்சாள் அடுத்த படம் எடுக்கிறாளாம். இந்த முறை அறுபது செக்கன் கேட்டிருக்கிறாள். பன்னிரண்டு எழுதியாச்சு.