அமைப்பாளர் என்றொரு தொழில்

உயர்தர வகுப்பு தொடங்கிய முதல் மாதத்தில் தொழில் வழிகாட்டல் பாடவேளையில் எங்களுக்கு ஒரு படிவம் தந்தார்கள். "எதிர்காலத்தில் நீங்கள் என்னவாக விரும்புகிறீர்கள்?" வைத்தியர், ஆசிரியை, சட்டத்தரணி, வங்கி முகாமையாளர் என்று எல்லோரும் எழுதினோம். ஒருத்தி விமானி என்று எழுதி வகுப்பையே சிரிக்க வைத்தாள். நான் "அமைப்பாளர்" என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சிக்குகா?" என்று கேட்டாள்.

அவளில் பிழையில்லை. எங்கள் ஊர்களில் அமைப்பாளர் என்றால் தேர்தல் காலத்தில் வாகனத்தோடு வருகின்ற ஒருவர்; மற்றக் காலத்தில் அவரைக் காண்பதென்றால் கலியாண வீட்டில்தான். நான் எழுதியது அவரைப் பற்றியல்ல. தன்னாமுனையில் இருக்கின்ற ஒரு அக்காவைப் பற்றி.

2017இல் நான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். உம்மா லொக் மெஷின் வாங்குவதற்காக நுண்கடன் எடுத்திருந்தார். ஐந்து பெண்கள் ஒரு குழு; ஒருத்திக்கு மற்ற நால்வரும் பிணை. கிழமைக்கு ஒரு நாள் கடன் அறவிடுபவர் வந்து வாசலில் கதிரை போட்டு இருப்பார். ஒருத்தியின் தவணை குறைந்தாலும் மற்றவர்கள் சேர்த்துக் கட்டும்வரை எழும்ப மாட்டார். முதல் கடனைக் கட்ட இரண்டாவது கடன், இரண்டாவதைக் கட்ட உம்மாவின் காப்பு அடகுக்கு. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்த கதையல்ல, மட்டக்களப்பில் ஒழுங்கைக்கு ஒழுங்கை கேட்ட கதை.

அந்த அக்கா இறால் உரிக்கப் போகிறவர். கூலியை நிறையில் ஏமாற்றுகிறார்கள் என்று அவரோடு வேலை செய்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு கதைத்து, தராசை வாசலுக்கு எடுத்து வரச் செய்தவர். எங்கள் பக்கத்து வீட்டு ராத்தாவும் அங்கே வேலைக்குப் போனபடியால் எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஏறாவூரிலிருந்து தன்னாமுனைக்குப் பிரதான வீதியால் பஸ்ஸில் போனால் பத்து நிமிடம்கூட இல்லை. 1990க்குப் பிறகு அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க இரு பக்கத்துப் பெண்களுக்கும் எத்தனை வருடங்கள் எடுத்தன என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

வந்தவர் பேச்செதுவும் பேசவில்லை. "எல்லாரும் கடன் அட்டையைக் கொண்டு வாங்க" என்றார். ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு, யார் எவ்வளவு எடுத்தது, எத்தனை கிழமை கட்டியது, இன்னும் எவ்வளவு என்று எழுதினார். எழுதி முடித்ததும் கூட்டச் சொன்னார். பதினான்கு பெண்களில் ஒருவருக்கும் தான் கட்டிய வட்டி எவ்வளவு என்று அதுவரை தெரிந்திருக்கவில்லை. தெரிந்த அன்று உம்மா இரவுச் சாப்பாடு ஆக்கவில்லை. ஆனால் அடுத்த கிழமை கதிரை போட்டு இருந்தவருக்கு முன்னால் பதினான்கு பேரும் அந்தக் கொப்பியோடு நின்றார்கள்.

2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை இரத்துச் செய்தது. ஆனால் அது தவணை தவறியிருந்தவர்களுக்கு மட்டும். காப்பை அடகு வைத்து ஒழுங்காகக் கட்டிய உம்மாவுக்குக் கிடைக்கவில்லை. 2021இல் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்காக நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தபோது அக்கா சொன்னார்: "அவங்கட கையிலயும் இப்படி ஒரு கொப்பி இருக்கும் புள்ள."

இந்த வேலைக்கு எங்கள் நாட்டில் ஒரு பரம்பரை இருக்கிறது. அதை நான் நூலகத்தில்தான் கண்டுபிடித்தேன், பாடப்புத்தகத்தில் அல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யரைப் பற்றி வாசித்திருப்பீர்கள். தோட்டங்களுக்குள் வெளியாள் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரிபோல் வேடமிட்டு லயங்களுக்குள் போனவர். அங்கே அவர் கண்டது "துண்டு" முறை. ஒரு தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதப்படும்; அந்தக் கடனைக் கொடுத்தால் இன்னொரு தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம். அந்த முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கடன் ஒழியவில்லை. நூறு வருடத்துக்குப் பின் உம்மாவின் கடன் அட்டையைப் பார்த்தபோது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது.

நடேசய்யர் முதலில் ஏ. ஈ. குணசிங்கவோடு கொழும்புத் தொழிலாளர்களிடையே வேலை செய்தார். குணசிங்க இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராகத் திரும்பியபோது பிரிந்தார். "தேசநேசன்", "தேசபக்தன்" பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர்களுக்கெனத் தொழிற்சங்கம் தொடங்கினார். சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் ஹட்டன் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் இருந்தார். 1947 தேர்தலில் தோற்று, அந்த வருடமே இறந்தார். அடுத்த வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களுக்குச் செய்ததை அவர் பார்க்கவில்லை.

ஆனால் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அவருடைய மனைவி மீனாட்சி அம்மையாரைப் பற்றி. "தேசபக்தன்" நடத்துவதில் அவருக்கும் பங்கிருந்தது. அதில் பெண்களின் உரிமை பற்றி எழுதினார். கூட்டங்களில் தானே கட்டிய பாட்டுகளைப் பாடினார். 1940இல் "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை" என்று அந்தப் பாட்டுகள் புத்தகமாகவும் வந்தன. மக்களுக்குத் தெரிந்த மெட்டில் கட்டினார். இது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று யோசித்துப் பாருங்கள். லயத்தில் பெரும்பாலானோருக்கு, அதிலும் பெண்களுக்கு, எழுத்துத் தெரியாது. துண்டுப் பிரசுரத்தைக் கங்காணி பறிக்கலாம். கொழுந்து கிள்ளுகின்ற ஒருத்தியின் வாயிலிருக்கும் பாட்டை எப்படிப் பறிப்பது?

அந்த அம்மையார் எந்தச் சபைக்கும் போகவில்லை. 1931இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. முதலில் அரசாங்க சபைக்குப் போன பெண்கள் இருவர். அட்லின் மொலமூரே தகப்பனார் இறந்து வெறுமையான ஆசனத்துக்கு வந்தார். நேசம் சரவணமுத்து, கணவர் ஆசனத்தை இழந்தபோது வந்தார். அவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. நேசம் அம்மையார் சபையில் பெண்களுக்காகப் பேசியவர். கதவு எந்தப் பக்கத்தால் திறந்தது என்பதைத்தான் சொல்கிறேன். பெயருள்ள வீட்டின் பக்கத்தால் திறந்தது. மேடையில் பாடியவளின் பக்கத்தால் அல்ல.

இன்றும் அப்படித்தான். உள்ளூராட்சி மன்றங்களில் 25 சதவீதம் பெண்கள் என்ற சட்டம் 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இரண்டு சதவீதம்கூட இல்லாத இடத்தில் 20 சதவீதத்தைத் தாண்டியது. நல்லது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வட்டாரத்தில் நிற்கின்றவர்களில் பத்திலொரு பங்கு பெண்களாக இருந்தால் போதும். மேலதிகப் பட்டியலில்தான் பாதிக்குப் பாதி. அந்தப் பட்டியலில் யாருக்கு ஆசனம் என்பது வாக்காளருக்குத் தெரியாது, தேர்தல் முடிந்த பிறகு கட்சிதான் பெயர் கொடுக்கும். அக்காவிடமும் ஒரு கட்சிக்காரர் வந்து, "பெயர் மட்டும் தாங்க, கூட்டத்துக்கெல்லாம் வரத் தேவையில்ல" என்று கேட்டார். அக்கா பெயரைக் கொடுத்ததோடு கூட்டங்களுக்கும் போனார், வீடு வீடாகவும் நடந்தார். கட்சிக்கு ஆசனம் கிடைத்தது. சபைக்குப் போனது ஒருவருடைய மச்சாள்.

கோட்டா வேண்டாம் என்று சொல்ல இது காரணமல்ல. பட்டியல் பெண்ணைவிட வட்டாரப் பெண் கூட வேண்டும் என்பதுதான் என் கட்சி. வட்டாரத்தில் நிற்க வேண்டுமானால் அந்த வட்டாரத்தில் ஐந்து வருடமாவது கொப்பி எழுதியவளாக இருக்க வேண்டும். குப்பை வண்டி வராத ஒழுங்கை எது, சந்தையில் பெண்களுக்கு மலசலகூடம் ஏன் இல்லை, வாவியோரத்தில் மழைக்கு எந்த வீடு முதலில் தாழும் என்பதெல்லாம் அப்படிப்பட்டவளுக்குத்தான் தெரியும். பிரதேச சபையின் வேலையும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

"பொம்புளப் புள்ளைகளுக்கு ஏன் இந்தச் சாக்கடை?" என்று என் மூத்தம்மா கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் பயப்படுவது என் பெயருக்கு. பதிலுக்கு நான் ஆயிஷா றவூப்பின் கதையைச் சொன்னேன். கேரளத்திலிருந்து வந்து, கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரிக்கு அதிபராக இருந்து, மாநகர சபைக்குத் தெரிவாகிப் பிரதி மேயராகவும் ஆனவர். அவர் தொழிற்சங்கக்காரி அல்ல, தெரியும். ஆனாலும் மூத்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவட வாப்பா ஒண்டும் சொல்லல்லையா?" என்று கேட்டார். அது வேறு கட்டுரை.

படிவத்தைப் பார்த்த டீச்சர், "இதுக்குச் சம்பளம் யாரு தாற?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அக்கா இன்னும் இறால் உரித்துத்தான் சாப்பிடுகிறார். நடேசய்யருக்குச் சங்கத்தின் சந்தா இருந்தது, பத்திரிகை இருந்தது. எங்கள் பெண்களின் குழுக்களுக்கு மாதம் ஐம்பது ரூபாய் சந்தாவாவது வேண்டும் என்று நான் அக்காவிடம் சொன்னேன். "இறாலுக்குப் போறவளுக்கிட்ட ஐம்பது கேட்கிறியா?" என்றார். பிறகு, "கேட்டுத்தான் பாரன்" என்றார்.

சென்ற சனிக்கிழமை அவர் கொப்பியை என்னிடம் தந்துவிட்டார். கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும், கூட்டினால் பிழைக்கிறதாம். உம்மா "சோதினை முடியட்டும்" என்கிறார். இப்போது அது என் மேசையில் அரசியல் விஞ்ஞானப் புத்தகத்துக்கு மேலே கிடக்கிறது. முப்பத்தொரு பெயர். இரண்டு பேருடைய கணக்கு இன்னும் சரிவரவில்லை.