காலுக்குக் கிடைத்த வீதி

வீதி யாருக்கு? விலை கொடுத்து வண்டி வாங்கியவனுக்கா? வெறுங்காலோடு நடப்பவனுக்கா? இக்கேள்வியைக் கேட்டாலே சிலருக்குக் கோபம் கொப்பளிக்கிறது. "நெடுநாளைய வழக்கம், தொடாதே!" என்று நெற்றியைச் சுருக்குகின்றனர். அவர்களைக் கோபன்ஹேகன் நகருக்கு அழைக்கிறேன்.

டென்மார்க் நாட்டின் தலைநகர் அது. நகரமன்றத் திடலிலிருந்து கோங்கன்ஸ் நியூடோர்வ் என்னும் சதுக்கம் வரை, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளத்தில், ஒன்றையொன்று தொடரும் பழந்தெருக்கள் உள்ளன. அனைத்தையும் சேர்த்து ஸ்ட்ரோயெட் என்பர். இருமருங்கும் கடைகள், நடுவிலே கார்கள், ஓரத்திலே ஒதுங்கி ஒதுங்கி மக்கள்! 1962 நவம்பர் 17ஆம் நாள் அத்தெருவைக் கார்களுக்கு அடைத்தனர். முன்நின்றவர் நகராட்சியின் மேயர்களுள் ஒருவரான ஆல்பிரட் வஸார்ட்.

எழுந்தது எதிர்ப்பு! "கார் வராவிடில் காசு வராது" என்றனர் வணிகர். "தெருவிலே உலவிக் களிக்க நாமென்ன இத்தாலியரா? நாம் டேனியர்!" என்றனர் மரபின் காவலர். "வடபுலத்துக் குளிரிலே எவன் வெளியே நிற்பான்?" என்றனர் வேறு சிலர்.

கேட்டீர்களா தோழர்களே, அந்தப் பழைய பல்லவியை! "நம் இயல்புக்கு ஒவ்வாது!" எந்நாட்டிலும் மாற்றத்தின் மார்பைக் குறிபார்த்து எறியப்படும் வேல் இதுதானே? இயல்பு, இயல்பு என்கின்றனரே, அதை அளந்து பார்த்தவர் யார்? ஒருநாளேனும் சோதித்தவர் உண்டா?

கோபன்ஹேகன் சோதித்தது. சோதனை என்று சொல்லியே தொடங்கிற்று; விளைவைப் பார்த்தது; 1964இல் நிலையாக்கிற்று. மக்கள் திரண்டனர், வணிகம் வாடவில்லை. அதே டேனியர்தாம், அதே குளிர்தான்! குருதி மாறவில்லை, தெரு மாறிற்று, மக்கள் வந்தனர். ஜான் கேல் என்னும் கட்டடக் கலைஞர் அத்தெருவிலே நின்று நடப்போரை, நிற்போரை, அமர்வோரை எண்ணிக் கணக்கெடுத்தார். ஊகம் பேசியோர்முன் எண்கள் பேசின. 1962இல் அந்நகரில் கார் நுழையாத பரப்பு 15,800 சதுர மீட்டர். 1996க்குள் அது ஏறத்தாழ ஆறு மடங்காயிற்று!

வென்றது அறிவு. ஆயினும், வெற்றி முழுமை பெற்றதா? இன்று அவ்வீதியின் கிழக்குக் கோடியைப் பாரீர்! உலகப் புகழ்பெற்ற ஆடம்பரக் கடைகளின் அணிவகுப்பு! வண்டியிடமிருந்து மீட்ட வீதியைப் பணப்பை பறித்துக்கொள்ள விடலாமா? வாங்க வருவோனுக்கு மட்டுமே வரவேற்பு என்றால், விரட்டப்பட்டது கார்தான். மேட்டிமை அங்கேயே நிற்கிறது என்று பொருள்.

ஆகவே கேட்கிறோம்: கடைவீதியிலே காசில்லாக் கிழவனும் களைப்பாற ஓர் இருக்கை வேண்டும், எதுவும் வாங்காத சிறுவனும் அஞ்சாது நிற்க உரிமை வேண்டும். "முடியாது" என்போரே, முதலில் சோதித்துப் பாருங்கள், பிறகு பேசுங்கள்!